எடைக்கல்லை யார் எடை போடுவது?

சிறுவனாக இருந்தபோது என் தந்தையோடு மணிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போவதுண்டு. மூட்டை தராசில் ஏறுமுன் அவர் எடைக்கல்லை எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். அதன் அடியில் ஈயத்தில் பதித்த அரசு முத்திரை இருக்கும். முத்திரை மங்கியிருந்தால் வேறு கல் கேட்பார். ஒருநாள் நான் கேட்டேன்: முத்திரை குத்த வருகிற அதிகாரியின் கையில் இருக்கும் கல் சரியானது என்று எப்படித் தெரியும்? "அதுக்கும் மேல ஒரு கல்லு இருக்கும்டா" என்றார்.

அவர் சொன்னது சரி என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். ஆய்வாளரின் கல்லைச் சரிபார்க்க மாநில ஆய்வகத்தில் ஒரு படித்தரக் கல் உண்டு. அதற்கும் மேலே ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நாட்டின் கிலோகிராம். அதற்கும் மேலே பாரிஸ் அருகே 1889-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை. அந்த உச்சிக் கல்லுக்கு மேல் கல் கிடையாது. ஆகவே அதனோடு ஒன்றாகப் பிறந்த சகோதர உருளைகளோடு அதை வைத்து ஒப்பிட்டார்கள். 1988 முதல் 1992 வரை நடந்த ஒப்பீட்டில், அதற்கும் அதன் சகோதரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு வளர்ந்திருப்பது தெரிந்தது. ஒரு கிராமில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. 2019-இல் உலோக உருளையையே கைவிட்டு, இயற்பியல் மாறிலி ஒன்றின் அடிப்படையில் கிலோகிராம் வரையறுக்கப்பட்டது.

மேலே ஒருவரும் இல்லாத இடத்தில் ஒரு கருவியைச் சரிபார்க்க உள்ள வழி, அதற்கு நிகரானவற்றின் நடுவே அதை நிறுத்துவதுதான். பன்னாட்டு வளர்ச்சி அமைப்புகள் தம் மதிப்பீட்டுப் பிரிவுகளுக்குக் கடைப்பிடிக்கும் 'சக மதிப்பாய்வு' என்னும் முறை இந்தத் தத்துவத்தில் பிறந்ததே. தமிழில் அதிகம் பேசப்படாத இந்த ஏற்பாடு, வெளிநாட்டுக் கடனிலும் உதவியிலும் ஏராளமான திட்டங்களைக் கண்ட நம் மாநிலத்துக்கு மிக நெருக்கமானது.

மொழிபெயர்க்காத கேள்வி

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், படிப்பை முடித்து வேலையின்றி இருந்த நாளில், வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு குடிநீர்த் திட்டத்தை மதிப்பிட வந்த குழுவுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போனேன். எந்த அமைப்பு என்பது இங்கு முக்கியமன்று. தை மாதம். ஏரிகளில் தண்ணீர் இருந்தது. திட்ட அலுவலகம் தேர்ந்தெடுத்துத் தந்த மூன்று ஊர்களுக்குப் போனோம். மூன்றும் தார்ச்சாலையை ஒட்டிய ஊர்கள். மூன்றாவது ஊரில் அடிபம்பு நன்றாகவே தண்ணீர் இறைத்தது. குழுவினர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏந்தம்பி, இவங்கள யாரு அனுப்பி வெச்சாங்க? நாங்க சொல்றத அப்பிடியே எழுதுவாங்களா, இல்ல ஆபீசருங்க சொல்றத எழுதுவாங்களா? எழுதிக்கினு போயி என்னா பண்ணுவாங்க?" பிறகு, சித்திரை பிறந்தால் அந்தப் பம்பில் காற்றுதான் வரும் என்றார்.

திட்ட அலுவலர் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் அது. "நீங்கள் எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். குழுத் தலைவர் புன்னகையோடு தம் நாட்டின் பெயரைச் சொன்னார். மற்ற இரு கேள்விகளும் சித்திரை மாதத்துக் காற்றும் என்னோடு நின்றுவிட்டன.

பின்னாளில் இத்துறை பற்றிப் படிக்கத் தொடங்கியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. மதிப்பீட்டுப் பிரிவுகளைச் சக மதிப்பாய்வு செய்கிறவர்கள் மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள்: சுதந்திரம், நம்பகத்தன்மை, பயன்பாடு. பெரியம்மாவின் மூன்று கேள்விகளும் இவையே, இதே வரிசையில்.

மதிப்பீட்டுக்கு மதிப்பீடு

தணிக்கை வேறு, மதிப்பீடு வேறு. ஒதுக்கிய பணம் விதிப்படி செலவானதா என்பது தணிக்கையின் கேள்வி. செலவானதால் என்ன மாற்றம் விளைந்தது, அந்த மாற்றம் இத்திட்டத்தால் விளைந்ததுதானா, நீடிக்குமா என்பவை மதிப்பீட்டின் கேள்விகள். அடிபம்பு வாங்கிய ரசீது சரியாக இருந்தால் தணிக்கை திருப்தியடையும். சித்திரையில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது மதிப்பீடு.

உலக வங்கி 1970-களின் தொடக்கத்திலேயே தன் திட்டங்களை மதிப்பிடத் தனித் துறை ஒன்றை உருவாக்கியது. இன்றைய 'சுதந்திர மதிப்பீட்டுக் குழு' அதன் வாரிசு. நன்கொடை நாடுகளின் மன்றமான, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு, 1991-இல் மதிப்பீட்டுக் கோட்பாடுகளை வகுத்தது. பொருத்தம், பயனுறுதி, திறன், தாக்கம், நிலைத்தன்மை என்ற ஐந்து அளவுகோல்கள் உலகெங்கும் பரவின. 2019-இல் 'இசைவு' என்ற ஆறாவது சேர்ந்தது. ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டுப் பிரிவுகள் ஒன்றுசேர்ந்த 'ஐ.நா. மதிப்பீட்டுக் குழுமம்' 2005-இல் தனக்கான நெறிகளையும் தரங்களையும் வெளியிட்டு, 2016-இல் அவற்றைப் புதுப்பித்தது.

விதிகள் வந்துவிட்டன. அவற்றைப் பின்பற்றுகிறார்களா என்பதை யார் பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருந்தது. ஐ.நா. அமைப்புகளுக்குப் பணம் தரும் ஒவ்வொரு நாடும், தன் வரி செலுத்துவோருக்குப் பதில் சொல்ல வேண்டித் தனித்தனியே மதிப்பீட்டுக் குழுக்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே ஊருக்கு, ஒரே கேள்விகளோடு, வெவ்வேறு கொடிகள் ஒட்டிய வாகனங்கள். அமைப்பின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே நம்பத்தக்கது என்று நிறுவ முடிந்தால் இந்த ஊர்வலத்தைக் குறைக்கலாம். இதற்காக வளர்ச்சி உதவிக் குழுவின் மதிப்பீட்டு வலையமைப்பும் ஐ.நா. மதிப்பீட்டுக் குழுமமும் கைகோத்துச் சக மதிப்பாய்வைத் தொடங்கின. 2005-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும், 2006-இல் யுனிசெஃபும் முதலில் உட்பட்டன. பின்னர் உலக உணவுத் திட்டம், உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு எனப் பல அமைப்புகள் சேர்ந்தன.

எப்படி நடக்கிறது?

இது கட்டாயமன்று. அமைப்பே விரும்பி அழைக்க வேண்டும். பிற ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டுத் தலைவர்கள், நன்கொடை நாடுகளின் மதிப்பீட்டு அதிகாரிகள், வெளி வல்லுநர்கள் எனச் சிலர் அடங்கிய குழு அமையும். ஆய்வுக்குள்ளாகும் பிரிவு முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டு அறிக்கை தரும். குழு கோப்புகளைப் படிக்கும். பழைய மதிப்பீட்டு அறிக்கைகளில் சிலவற்றை எடுத்து அவற்றின் தரத்தைச் சோதிக்கும். தலைமை நிர்வாகி முதல் திட்ட அலுவலர் வரை, ஆட்சிக் குழு உறுப்பினர்கள் உள்ளிட்ட பலரை நேர்காணும். பின்னர் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் ஒரே மேசையில் அமர்ந்து தொழில்முறையில் விவாதிப்பார்கள். இறுதி அறிக்கை ஆட்சிக் குழுவுக்குப் போகும். நிர்வாகம் அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

மதிப்பெண் கிடையாது, தரவரிசை கிடையாது. நூலை அவையில் ஏற்றிச் சான்றோர் கேட்க, ஐயங்களுக்கு விடை சொல்லி அரங்கேற்றும் மரபு நமக்கு இருந்தது. தொல்காப்பியத்தின் பாயிரமே அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதைப் பதிவு செய்கிறது. துறை அறிந்தவரின் கேள்விக்கு ஈடுகொடுப்பது என்ற அந்த மரபின் வளர்ச்சித் துறை வடிவம் இது எனலாம்.

யார் அனுப்பினார்கள்?

முதல் அளவுகோல் சுதந்திரம். மதிப்பீட்டுத் தலைவரை நியமிப்பவர் யார், நீக்குபவர் யார், அவருடைய பணம் யார் கையில், அறிக்கை யாருடைய அனுமதியின்றி வெளியாகும் என்ற நான்கு கேள்விகளில் இது அடங்கும். திட்டத்தை நடத்தும் அதிகாரியிடமே மதிப்பீட்டாளரின் பதவி உயர்வும் இருந்தால், அறிக்கையின் மொழி தானாகவே மென்மையாகிவிடும். இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. அன்று நான் செய்ததற்கும் கெட்ட எண்ணம் காரணமன்று.

நர்மதையின் கதை இதற்குச் சான்று. சர்தார் சரோவர் திட்டத்துக்கு உலக வங்கி 1985-இல் கடன் ஒப்புதல் அளித்தது. வங்கியின் வழக்கமான மேற்பார்வை ஆண்டுதோறும் நடந்தும், இடம்பெயர்க்கப்படும் மக்களின் நிலை மேலிடத்தில் உறைக்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் வங்கிக்கு வெளியே ஒரு குழு அமைந்தது. 1992-இல் வந்த அதன் அறிக்கை, மறுவாழ்வு ஏற்பாடுகளும் சுற்றுச்சூழல் ஆய்வும் போதாமையாக இருப்பதைச் சொல்லி, வங்கி ஓர் அடி பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்றது. 1993-இல் எஞ்சிய கடன் வேண்டாம் என்று இந்திய அரசு அறிவித்தது. அதே ஆண்டு, பாதிக்கப்பட்ட மக்களே நேரடியாக முறையிடக்கூடிய ஆய்வுக் குழு ஒன்றை வங்கி நிறுவியது. உள்ளே இருந்தவர்களுக்கும் கண் இருந்தது. சொல்லும் இடம்தான் இல்லை.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. எங்கள் ஊரிலிருந்து வெகுதொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வாரியத் தேர்தலுக்கான விதிகளைச் சொல்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. யார் யார் உறவினர் என்பதையும் கல்வெட்டு எண்ணிச் சொல்கிறது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் விலக்கு. நலன் முரண் என்று இன்று நாம் அழைப்பதை அவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்தார்கள்.

பார்த்துத்தான் எழுதினார்களா?

இரண்டாவது அளவுகோல் நம்பகத்தன்மை. மதிப்பீட்டாளர் நேர்மையானவராக இருந்தும் அறிக்கை தவறாகலாம். 1970-களில் வடார்க்காட்டுக் கிராமங்களில் பசுமைப் புரட்சியை ஆராய்ந்த குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ், பிற்காலத்தில் 'ஊரக வளர்ச்சிச் சுற்றுலா' என்ற தொடரால் இதை விளக்கினார். நகரத்திலிருந்து வருபவர் சாலையோர ஊரைப் பார்க்கிறார். திட்டம் நடக்கும் இடத்தைப் பார்க்கிறார், நடக்காத இடத்தைப் பார்ப்பதில்லை. ஆண்களிடமும் வசதியுள்ளவர்களிடமும் பேசுகிறார். மழையும் பசியும் இல்லாத மாதத்தில் வருகிறார். 1983-இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்தபோது, தை மாதத்து அடிபம்பு என் கண்முன் நின்றது.

இதைவிட நுட்பமான தவறும் உண்டு. அதன் தொடக்கம் தமிழ்நாடு. உலக வங்கிக் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் துணை உணவு. தாய்க்கு ஊட்டச்சத்து அறிவுரை. கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. உலகுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட இத்திட்டத்தைத் தழுவி 1995-இல் வங்கதேசத்தில் ஒரு பெருந்திட்டம் தொடங்கியது. அங்கே எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.

வங்கியின் மதிப்பீட்டுத் துறையே 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு காரணத்தைச் சுட்டியது. அறிவுரை தாய்மார்களுக்குத் தரப்பட்டது. ஆனால் அங்குப் பல வீடுகளில் சந்தைக்குச் சென்று பொருள் வாங்குபவர் ஆண். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவர் மாமியார். தாய் கற்றுக்கொண்டாள், செய்யும் அதிகாரம் அவளிடம் இல்லை. தமிழ்நாட்டில் திட்டம் பலித்தது என்று சொன்ன மதிப்பீடு பொய்யன்று. எதனால் பலித்தது, எந்தச் சூழலில் பலித்தது என்பதைப் போதிய அளவு கேட்காமல் அதன் முடிவைக் கப்பலேற்றியதே பிழை. ஒரு மதிப்பீட்டின் முறையியலை வெளியிலிருந்து வந்த சகாக்கள் குடைந்து கேட்பது இதற்காகத்தான். அந்தக் கேள்வி கேட்கப்படாததன் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள்.

எழுதி என்ன ஆயிற்று?

மூன்றாவது அளவுகோல் பயன்பாடு. அறிக்கை அலமாரிக்குப் போனால் முதல் இரண்டு அளவுகோல்களும் வீண். எனவே, ஒவ்வொரு பரிந்துரைக்கும் நிர்வாகம் ஏற்கிறதா, மறுக்கிறதா, ஏற்றால் யார் எப்போது செய்வார் என்று எழுத்தில் பதில் தருவதும், அதைப் பின்தொடர்வதும் பன்னாட்டு அமைப்புகளில் இன்று வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கம் பரவியதில் சக மதிப்பாய்வுகளுக்குப் பங்குண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தன் முதல் ஆய்வுக்கு மறு ஆண்டே, 2006-இல், மதிப்பீட்டுக் கொள்கையை ஆட்சிக் குழுவின் ஒப்புதலோடு வகுத்துக்கொண்டது.

இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுப் பிரிவை முழுச் சுதந்திரமாக்கினால் அது தனித் தீவாகி, திட்டத்தை நடத்துபவர்கள் அதன் சொல்லைக் கேட்காமல் போகலாம். நெருங்கியிருந்தால் சொல் கேட்கப்படும். சொல்லின் கூர்மை மழுங்கும். இந்த இழுபறிக்கு நிரந்தரத் தீர்வு இல்லாததால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியார் வந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

தென்னார்க்காடும் ரோமும்

எங்கள் பகுதிக்கு நேரடித் தொடர்புள்ள ஓர் எடுத்துக்காட்டு, ரோமில் தலைமையகம் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். அதன் உதவியுடன் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் தருமபுரியில் மகளிர் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. பின்னர் சேலம், அன்றைய தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. விழுப்புரம் மாவட்டம் அந்தத் தென்னார்க்காட்டிலிருந்து 1993-இல் பிரிந்ததே. இன்று செஞ்சி வட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊரைக் காண்பது அரிது. 1990-களின் பிற்பகுதியில் 'மகளிர் திட்டம்' மாநிலம் முழுவதும் பரவியதற்கு முன்னோட்டம் அந்த ஐந்து மாவட்டங்கள்.

திட்டம் நிறைவடைந்தபின் அதை மதிப்பிட்டது நிதியத்தின் மதிப்பீட்டு அலுவலகம். அந்த அலுவலகத்தை மதிப்பிட்டது யார்? பன்முக வளர்ச்சி வங்கிகளின் மதிப்பீட்டுத் தலைவர்கள் 1996-இல் அமைத்துக்கொண்ட 'மதிப்பீட்டு ஒத்துழைப்புக் குழு', 2010-இல் அந்த ஆய்வை நிறைவு செய்தது. அலுவலகத்தின் சுதந்திரம் காக்கப்பட வேண்டும் என்று அது உறுதிப்படுத்தியது. அதே வேளையில், எல்லாவற்றையும் தானே செய்ய முயலாமல் திட்ட அலுவலர்களின் சுயமதிப்பீட்டைச் சரிபார்த்துப் பயன்படுத்த வேண்டும், செலவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், கற்றுக்கொள்வதற்கு மேலும் இடம் தர வேண்டும் என்றும் கூறியது. 2011-இல் நிதியம் தன் மதிப்பீட்டுக் கொள்கையைத் திருத்தியது. 2019-இல் இரண்டாவது வெளி ஆய்வு. 2021-இல் சுயமதிப்பீட்டையும் ஒரே குடைக்குள் கொண்டுவரும் புதிய கொள்கை.

சகா என்பவர் யார்?

குறைகளும் உண்டு. ஆய்வு செய்யும் சகா, நாளை தன் அலுவலகம் ஆய்வுக்குள்ளாகும் என்பதை அறிந்தவர். அதனால் சொற்கள் நாகரிகமாகவே இருக்கும். ஆய்வின் பெரும்பகுதி தலைமையகங்களிலேயே நடக்கிறது. ஆனால் மதிப்பீடுகளில் பலவீனமானவை நாட்டு அலுவலகங்கள் செய்விப்பவை என்பதே ஐ.நா. அமைப்பின் கூட்டு ஆய்வுப் பிரிவு 2014-இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்தும் தெரிகிறது. வெளிச்சம் இருக்கும் இடத்தில் தேடுவது போன்றது இது.

இந்தியக் கல்லூரிகளில் பணியாற்றியவர்களுக்குச் சகாக்களின் ஆய்வு என்றதும் 'நாக்' குழுவின் வருகை நினைவுக்கு வரும். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, ஒரே வாரத்தில் முளைக்கும் பூந்தொட்டிகள், பழைய தேதியிட்ட கோப்புகள். 2025 பிப்ரவரியில் அத்தகைய ஆய்வுக் குழுவொன்றின் உறுப்பினர்களைக் கையூட்டுக் குற்றச்சாட்டில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. முடிவில் மதிப்பெண்ணும் தரமும் தொங்கும்போது சகாவும் விலைபேசப்படலாம். பன்னாட்டு முறையில் தரவரிசை இல்லாமைக்கு இதுவும் ஒரு நியாயம்.

என் மனத்தில் உறுத்தும் குறை வேறு. சகா என்றால் நிகரானவர். மதிப்பீட்டாளருக்கு நிகரானவர் இன்னொரு மதிப்பீட்டாளர் என்று தொழில் கருதுகிறது. நெசவாளியின் வேலையை நெசவாளி பார்ப்பது சரிதான். ஆனால் சேலையைக் கட்டுகிறவருக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். அறிக்கையில் எந்த மக்களைப் பற்றி எழுதப்பட்டதோ, அவர்களுக்கு அது திரும்பப் படித்துக் காட்டப்பட்டதா என்ற கேள்வி இம்முறையில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை.

நம் வீட்டு எடைக்கற்கள்

பன்னாட்டு அமைப்புகளைக் குறை கூறும் நாம் நம்மையும் பார்க்க வேண்டும். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகம் இவ்வகையில் பெருமைக்குரியது. உலக சுகாதார நிறுவனம் போன்ற ஐ.நா. அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அந்த அலுவலகம், 2012-இல் ஆஸ்திரேலியத் தணிக்கை அலுவலகம் தலைமையிலான பன்னாட்டுக் குழுவின் சக மதிப்பாய்வுக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டது.

மதிப்பீட்டில் நிலைமை வேறு. திட்ட ஆணையத்தின் கீழ் 1952-இல் மதிப்பீட்டு அமைப்பைத் தொடங்கிய நாடு இந்தியா. உலகில் பலருக்கும் முன்னோடி. ஆனால் அரசுத் துறைகளுக்கு வெளியே நின்று மதிப்பிட உருவான சுதந்திர மதிப்பீட்டு அலுவலகம் 2014-இல் பணியைத் தொடங்கி, திட்ட ஆணையத்தையே கலைக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்த ஆண்டே ஆணையத்தின் முடிவு அறிவிக்கப்பட்டது. அலுவலகத்தின் தலைவரும் அந்த ஆண்டே விடுவிக்கப்பட்டார். 2015-இல் எஞ்சியவை நிதி ஆயோக்கின் ஒரு பிரிவாக இணைக்கப்பட்டன. நியமிப்பவர் யார், நீக்குபவர் யார் என்ற கேள்வி வெறும் சம்பிரதாயமன்று என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தமிழ்நாடு அரசிடம் மதிப்பீட்டுக்கென்றே ஒரு துறை நெடுங்காலமாக இருக்கிறது. அண்டையிலுள்ள கர்நாடகம் 2011-இல் மதிப்பீட்டு ஆணையம் ஒன்றை நிறுவியது. இவை ஒன்றையொன்று ஆய்வு செய்தால் என்ன? பெருஞ்செலவு கிடையாது. நான்கு அதிகாரிகள், இரண்டு பேராசிரியர்கள், சில வாரங்கள். அறிக்கைகள் எல்லாம் தமிழில் வெளியாகின்றனவா, எத்தனை நாளில் துறைகள் பதில் தந்தன, வயலில் யாரிடம், எந்த மாதத்தில் கேட்டார்கள் என்ற மூன்றை மட்டும் பார்த்தாலும் போதும். குழுவில் ஓர் இடம், மதிப்பிடப்பட்ட திட்டத்தின் பயனாளி ஒருவருக்கு. ஊரக வேலை உறுதித் திட்டத்தின் சமூகத் தணிக்கையில், கிராம சபையின் முன் அறிக்கையைப் படித்துக் காட்டும் வழக்கத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். அதை மதிப்பீட்டுக்கும் நீட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

சென்ற ஆண்டு அந்த மூன்றாவது ஊர் வழியாகப் போக நேர்ந்தது. அடிபம்பு இல்லை. அது நின்ற சிமென்ட் மேடை மட்டும் இருக்கிறது. அதன்மேல் துணி உலர்ந்துகொண்டிருந்தது. பெரியம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள். அந்தத் திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கையை நான் பின்னர் தேடிப் படித்தேன். பயனாளிகளிடம் கலந்தாலோசிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி உண்டு. அது பொய்யன்று. அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. அறிக்கை எழுதியவரை ஆராய எத்தனை வல்லுநர்கள் வந்திருந்தாலும், நடுவில் நின்ற என்னிடம் யாராவது, "அந்த அம்மா வேறு என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தால் ஒழிய, அந்தச் சித்திரை மாதத்துக் காற்று வெளியே வந்திருக்காது. சக மதிப்பாய்வு செய்யப் போகிறவர்கள் இனி மொழிபெயர்ப்பாளரையும் ஒருமுறை அழைத்துக் கேட்பது நல்லது.